கடற்படை அதிகாரியின் பணி வாழ்க்கையும் இந்தியப் பெருங்கடல் ஒத்துழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்படையில் அதிகாரியாகச் சேர விரும்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள் முதல் பாதியில் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து கடலைக் காப்பதில் ஏன் இத்தனை முடிச்சு என்று கேட்பவர்களுக்கு இரண்டாம் பாதி. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தங்களை அமைச்சகங்கள் எழுதுகின்றன. அவற்றைக் கடலில் நடத்திக் காட்டுபவர்கள் முப்பது, நாற்பது வயதில் இருக்கும் அதிகாரிகள். அவர்கள் எப்படி உருவாகிறார்கள், எத்தனை நாள் ஓர் இடத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாமல், அந்த ஒப்பந்தங்கள் ஏன் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் முடங்குகின்றன என்பது புரியாது.

இந்தியக் கடற்படையும் மெர்ச்சன்ட் நேவியும் ஒன்றுதானே?

இல்லை. மெர்ச்சன்ட் நேவி என்பது சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் வேலை. சம்பளம் தருவது தனியார் கப்பல் நிறுவனம். கடற்படை நாட்டின் ஆயுதப்படை. அதிகாரியாகச் சேர்வதற்கு யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. "நேவியில் சேர்த்துவிடுகிறேன்" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். தென் மாவட்டங்களில் இப்படி நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

ப்ளஸ் டூ முடித்ததும் சேர என்ன வழி?

முக்கியமாக இரண்டு. ஒன்று, யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். தேர்வானால் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் ஓராண்டு.

இன்னொன்று, பி.டெக். கேடட் நுழைவு. இதற்குத் தனி எழுத்துத் தேர்வு கிடையாது, ஜே.இ.இ. மெயின் தரவரிசையை வைத்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். நான்கு ஆண்டும் எழிமலையிலேயே படிப்பு, செலவு முழுவதும் கடற்படையுடையது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஜே.இ.இ. எழுதிவிட்டு ஐ.ஐ.டி., என்.ஐ.டி. கலந்தாய்வோடு நின்றுவிடுகிறார்கள். அதே மதிப்பெண்ணில் திறக்கும் இந்தக் கதவைப் பற்றிப் பள்ளிகளில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு இருக்கிறது. குறுகிய காலப் பணி (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) வழியாகவும் வரலாம். அதில் 14 ஆண்டுகள் வரை பணியில் இருக்க முடியும்.

எஸ்.எஸ்.பி. என்றால் பயமாக இருக்கிறது. இந்தி தெரியாமல் போகலாமா?

போகலாம். எஸ்.எஸ்.பி. (சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு) என்பது அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஐந்து நாள் நடக்கும் தேர்வு: முதல் நாளே ஒரு வடிகட்டல், பிறகு உளவியல் சோதனைகள், திறந்த மைதானத்தில் குழுவாகச் செய்யும் பணிகள், தனி நேர்காணல், கடைசி நாள் எல்லாத் தேர்வாளர்களும் சேர்ந்து உட்காரும் மாநாடு. ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினால் போதும். உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை.

உண்மையில் நம் பிள்ளைகள் தடுமாறுவது மொழியில் அல்ல, குழு விவாதத்தில். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவர்கள், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். அங்கே சத்தமாகப் பேசத் தேவையில்லை. தெளிவாக இரண்டு முறை பேசி, இன்னொருவர் சொன்னதை எடுத்து அதன்மேல் கட்டினால் போதும். பள்ளியிலேயே இதைப் பழகலாம். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதைவிட இது பயனுள்ளது.

என் மகளும் சேர முடியுமா? கப்பலில் வேலை தருவார்களா?

முடியும், தருவார்கள். 1992-ல் சில பிரிவுகளில் மட்டும் பெண்களை எடுக்கத் தொடங்கினார்கள். 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம், குறுகிய காலப் பணியில் இருக்கும் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி (பெர்மனென்ட் கமிஷன்) தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2022-ல் என்.டி.ஏ.வுக்குள் பெண்கள் நுழைந்தார்கள். அந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் வெளியே வந்தார்கள். 2023 டிசம்பரில் ஒரு பெண் அதிகாரி முதன்முறையாகக் கடற்படைக் கப்பல் ஒன்றின் கட்டளைப் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, சக அதிகாரி தில்னாவோடு 'தாரிணி' பாய்மரக் கப்பலில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பி வந்தார். இருவர் மட்டுமே இருந்த கப்பல் அது. உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்ததும் கப்பலை ஓட்ட விடுவார்களா?

உடனே இல்லை. சப்-லெப்டினன்ட் ஆன பிறகும் படிப்பு தொடரும். கப்பலில் 'வாட்ச்கீப்பிங் சான்றிதழ்' வாங்கும் வரை, கப்பலின் மேல்தளமான பிரிட்ஜில் தனியாகப் பொறுப்பேற்க முடியாது.

அந்தச் சான்றிதழ் எவ்வளவு கனமானது என்பதைப் புரிந்துகொள்ள, நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரையிலான 'மிடில் வாட்ச்' நேரத்தை நினைத்துப் பாருங்கள். விளக்கெல்லாம் அணைக்கப்பட்ட பிரிட்ஜ். கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதால் ரேடார் திரையின் வெளிச்சத்தைக்கூடக் குறைத்து வைத்திருப்பார்கள். வி.எச்.எஃப். சேனல் 16-ல் யாரோ யாரையோ அழைக்கும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆபத்தில் இருப்பவர்கள் கூப்பிடும் அலைவரிசை அதுதான். பெரிய வணிகக் கப்பல்கள் ஏ.ஐ.எஸ். கருவி வழியாகத் தங்கள் பெயரையும் வேகத்தையும் தாங்களே சொல்லிக்கொண்டு வரும். மரத்திலும் ஃபைபரிலும் செய்த மீன்பிடிப் படகுகள் அப்படி இல்லை. ரேடாரில் அவை மங்கலான ஒரு புள்ளி, சில சமயம் அதுவும் இல்லை. அந்தப் புள்ளி வலை விரித்துக் காத்திருக்கும் மீனவரா, போதைப்பொருள் ஏற்றி வரும் படகா, இயந்திரம் பழுதாகி மிதக்கும் குடும்பமா என்பதை இருபத்து நான்கு வயது அதிகாரி நிதானிக்க வேண்டும். பக்கத்தில் கேப்டனின் இரவு உத்தரவுப் புத்தகம் இருக்கும். எந்தக் கப்பலில் போய்ப் பார்த்தாலும் அதில் தவறாமல் இருக்கும் கட்டளை: சந்தேகம் வந்தால் என்னை எழுப்பு.

அந்தப் புள்ளியை அடையாளம் காண்பதுதான் கடல் பாதுகாப்பின் அடிப்படை வேலை. பக்கத்து நாட்டின் உதவி தேவைப்படுவதும் அங்கேதான்.

பதவி உயர்வு எப்படி?

லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் ஆகியவை முறையே 2, 6, 13 ஆண்டுப் பணிக்குப் பிறகு, தகுதிகள் நிறைவானால் வரும். கேப்டன் பதவி முதல் தேர்வுக் குழு முடிவு செய்யும். இங்கேதான் கூம்பு சட்டென்று குறுகுகிறது. திறமையான பல அதிகாரிகள் இந்தத் தேர்வைத் தாண்டாமலே 54 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். இதைத் தோல்வி என்று எண்ணுபவர்கள் கடற்படையைப் புரிந்துகொள்ளவில்லை என்பேன். கப்பல்களின் அன்றாடத் தரம் அவர்கள் தோளில்தான் நிற்கிறது.

கப்பலை ஓட்டிப் போரிடும் எக்ஸிகியூட்டிவ் பிரிவில் மேலே போக, கப்பல் ஒன்றைக் கட்டளையிட்ட அனுபவம் ஏறக்குறைய கட்டாயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் செங்கல்பட்டில் பிறந்தவர்: வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, 1958 ஏப்ரல் 22. அதுவரை, சுதந்திரம் வந்து பத்தாண்டுக்கு மேலாகியும், தலைமையில் பிரிட்டிஷ் அதிகாரிகளே இருந்தார்கள்.

சம்பளமும் குடும்ப வாழ்க்கையும்?

ஏழாவது ஊதியக்குழுப்படி சப்-லெப்டினன்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதோடு ராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாய், அகவிலைப்படி, மற்ற படிகள். நீர்மூழ்கி, விமானப் பிரிவுகளுக்குத் தனிப் படி உண்டு.

குடும்பத்துக்கு இது எளிதான வாழ்க்கை இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும், பிள்ளைகளின் பள்ளி மாறும். கப்பல் எப்போது திரும்பும் என்பது மனைவிக்கோ கணவனுக்கோ கடைசி நேரம் வரை தெரியாது.

வெளிநாட்டு அதிகாரிகளோடு பழகும் வாய்ப்பு எப்போது வரும்?

பயிற்சிக் காலத்திலேயே வரும். எழிமலையிலும் கொச்சியிலும் இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், செஷல்ஸ் போன்ற நாடுகளின் இளம் அதிகாரிகள் படிக்கிறார்கள். பிறகு லெப்டினன்ட் கமாண்டர் அளவில், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி. ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு முழுக்க முப்படையினரும் பல நாட்டு அதிகாரிகளும் குடும்பத்தோடு அங்கே தங்கிப் படிப்பார்கள். முடித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் தருகிறது. குன்னூர்ச் சந்தையில் ஒன்றாகக் காய்கறி வாங்கி, பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து வளரும் பழக்கம் அது. பத்து ஆண்டு கழித்து ஒருவர் கொழும்பிலும் மற்றவர் விசாகப்பட்டினத்திலும் முடிவெடுக்கும் நாற்காலியில் இருக்கும்போது, தொலைபேசியை எடுத்துப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது.

2025 ஏப்ரலில் புதிதாக ஒன்று நடந்தது. கார்வாரிலிருந்து கிளம்பிய ஐ.என்.எஸ். சுனைனா கப்பலில் கொமோரோஸ், கென்யா, மடகாஸ்கர், மாலத்தீவு, மொரீஷியஸ், மொசாம்பிக், செஷல்ஸ், இலங்கை, டான்சானியா ஆகிய ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 44 பேர் இந்திய மாலுமிகளோடு சேர்ந்து பணியாற்றினார்கள். 'ஐ.ஓ.எஸ். சாகர்' என்று அதற்குப் பெயர். கூட்டுப் பயிற்சி என்றால் வழக்கமாகத் தனித்தனிக் கப்பல்கள் அருகருகே ஓடும், கொடியசைக்கும், பிரியும். இங்கே ஒரே பிரிட்ஜில், ஒரே வாட்சில், ஒரே உணவுக்கூடத்தில் இருந்தார்கள். என் கணிப்பில், பத்து மாநாடுகள் தராததை இப்படி ஒரு பயணம் தரும்.

ஏன் சேர்ந்து காக்க வேண்டும்? பெரிய கடற்படை தனியாகவே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

கடல் அதற்கு மிகப் பெரியது. குற்றமும் விபத்தும் எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

2024 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். அரபிக் கடலில் இலங்கைக் கொடியுடைய படகுகளில் போதைப்பொருள் போவதாக இலங்கைக் கடற்படை தகவல் தந்தது. இந்தியக் கடற்படை விமானத்தாலும் கப்பலாலும் தேடி, இரண்டு படகுகளைப் பிடித்தது. ஏறக்குறைய 500 கிலோ போதைப்பொருள் இருந்தது. படகுகளும் ஆட்களும் சரக்கும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. தகவல் ஒருவரிடம், விமானம் இன்னொருவரிடம், வழக்கு நடத்தும் உரிமை முதலாமவரிடம். ஒருவர் ஒதுங்கியிருந்தாலும் அந்தப் படகுகள் போய்ச் சேர்ந்திருக்கும்.

2021 மே மாதம் கொழும்பு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் சரக்குக் கப்பல் தீப்பிடித்தபோது இந்தியக் கடலோரக் காவல்படைக் கப்பல்கள் போய்த் தீயணைப்பில் நின்றன. கப்பல் ஜூனில் மூழ்கியது, இலங்கையின் மேற்குக் கரை முழுக்கப் பிளாஸ்டிக் குருணைகள் ஒதுங்கின. 2004 சுனாமியின்போது தன் சொந்தக் கரை சிதைந்து கிடந்த நிலையிலும் இந்தியக் கடற்படை இலங்கைக்கு 'ரெயின்போ', மாலத்தீவுக்கு 'காஸ்டர்', இந்தோனேசியாவுக்கு 'கம்பீர்' என்ற பெயர்களில் நிவாரணப் பணி நடத்தியது.

இதற்கென்று என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன?

நிறையவே இருக்கின்றன. இந்தியப் பெருங்கடல் கடற்படைக் கருத்தரங்கு 2008-ல் புது தில்லியில் தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான் இரண்டும் அதில் உறுப்பினர். 'மிலன்' கூட்டுப் பயிற்சி 1995-ல் போர்ட் பிளேரில் இந்தோனேசியா, சிங்கப்பூர், இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் வருகையோடு சிறிதாகத் தொடங்கி, இன்று விசாகப்பட்டினத்தில் பெரிதாக நடக்கிறது. இலங்கையோடு 'ஸ்லைனெக்ஸ்', சிங்கப்பூரோடு 'சிம்பெக்ஸ்' இருக்கின்றன. இலங்கை தன் பங்குக்கு 2010 முதல் 'காலி கலந்துரையாடல்' என்ற கடல் பாதுகாப்பு மாநாட்டை நடத்துகிறது.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, 2018 டிசம்பரில் குருகிராமில் தொடங்கிய தகவல் ஒருங்கிணைப்பு மையம். கடலே இல்லாத ஊரில் கடலைப் பார்க்கும் அறை அது. இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், செஷல்ஸ், பிரான்ஸ், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தொடர்பு அதிகாரிகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கப்பல் போக வேண்டிய பாதையை விட்டு விலகினால், அந்தக் கப்பலின் கொடி நாட்டு அதிகாரி தன் தலைமையகத்தை நேரடியாக அழைத்து விசாரிப்பார். தூதரகம் வழியாகக் கடிதம் எழுதினால் நாட்கள் ஆகும் வேலை ஓர் அழைப்பில் முடியும். மையத்தின் மதிப்பு கணினித் திரைகளில் இல்லை, அந்த அதிகாரிகளின் தொலைபேசிப் பட்டியலில்தான் இருக்கிறது.

இத்தனை இருந்தும் எங்கே சிக்குகிறது?

முதல் சிக்கல், எதிரே பேசுவதற்குச் சமமான ஆள் இல்லை. இந்தியாவில் கடற்படை தனி, கடலோரக் காவல்படை தனி, மாநிலக் கடலோரக் காவல் குழுமம் தனி. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகுதான் ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புப் பொறுப்பு கடற்படைக்குத் தரப்பட்டது. மாலத்தீவில் கடற்படையே இல்லை, தேசியப் பாதுகாப்புப் படைக்குள் ஒரு கடலோரக் காவல் பிரிவு இருக்கிறது. மொரீஷியஸில் கடலோரக் காவல் என்பது போலீஸின் ஒரு பிரிவு. ஒரே மேசையில் அட்மிரலும் போலீஸ் அதிகாரியும் உட்காரும்போது, யாருக்கு எதை முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கவே பாதிக் கூட்டம் போய்விடும்.

அடுத்தது அரசியல். இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் 2011-ல் தொடங்கிய பாதுகாப்புப் பேச்சு 2014-க்குப் பிறகு நின்றுபோய், 2020 நவம்பரில்தான் கொழும்பில் மீண்டும் உயிர் பெற்றது. அதன் சாசனம் கையெழுத்தானது 2024 ஆகஸ்டில். அதே காலத்தில் மாலத்தீவில் ஆட்சி மாறி, அங்கே ஹெலிகாப்டரும் டார்னியர் விமானமும் இயக்கிவந்த இந்திய ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் வெளியேற வேண்டியிருந்தது. அவர்கள் இடத்துக்குச் சீருடையில்லாத தொழில்நுட்ப ஊழியர்கள் போனார்கள். 2019-ல் கையெழுத்தான கடலாய்வு ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. அந்த ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் செய்தது, தொலைவுத் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தலைநகருக்குக் கொண்டுவரும் வேலை. ஆனால் ஒரு சிறிய நாட்டில் அந்நியச் சீருடை கண்ணில் படுவது தேர்தல் பிரச்சினையாகிவிடும். அதைப் புரிந்துகொள்ளாமல் "நாங்கள் உதவத்தானே வந்தோம்" என்று கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

மூன்றாவது, தகவலைப் பகிர்வதில் உள்ள தயக்கம். நாடுகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை வணிகக் கப்பல்களைப் பற்றிய தகவலுக்கு மட்டும். அது பெரும்பாலும் ஏற்கெனவே வெளியில் தெரிந்த தகவல். உண்மையில் தேவைப்படுவது ஏ.ஐ.எஸ். அணைத்துவிட்டுப் போகும் படகுகளைப் பற்றிய தகவல். அதைச் சொன்னால் தன் ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதும் வெளிப்பட்டுவிடுமே என்று ஒவ்வொரு நாடும் பின்வாங்குகிறது.

கடற்கொள்ளையரைப் பிடித்தால் யார் விசாரிப்பது?

ரூயன் கப்பலின் கதை இதற்குச் சரியான விடை. மால்டா கொடி, பல்கேரிய உரிமையாளர், பல்கேரியா, மியான்மர், அங்கோலா நாட்டு மாலுமிகள், சோமாலியக் கொள்ளையர். 2023 டிசம்பரில் கடத்தப்பட்ட அந்தக் கப்பலை 2024 மார்ச் 16 அன்று, ஏறக்குறைய 40 மணி நேர நடவடிக்கையின் முடிவில் ஐ.என்.எஸ். கொல்கத்தா தலைமையில் மீட்டார்கள். விமானப்படையின் சி-17 விமானத்திலிருந்து கடற்படைக் கமாண்டோக்களான மார்க்கோஸ் வீரர்கள் கடலில் குதித்தார்கள். 17 மாலுமிகளும் காயமின்றி மீண்டார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தார்கள்.

அதன் பிறகு அவர்களை என்ன செய்வது? முன்பெல்லாம் பல கடற்படைகள் கொள்ளையரின் ஆயுதத்தைப் பறித்துக் கடலில் எறிந்துவிட்டு விட்டுவிடுவார்கள். எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்று தெரியாததே காரணம். இந்தியா 2022-ல் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் இயற்றியிருந்ததால், 35 பேரையும் மும்பைக்குக் கொண்டுவந்து போலீஸிடம் ஒப்படைக்க முடிந்தது. கப்பலும் துப்பாக்கியும் பல காலமாக இருந்தன. குறைவாக இருந்தது சட்டம்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு 2013-ன் 'சீமேன் கார்டு ஓகையோ' நினைவிருக்கும். கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் ஆயுதக் காவலர்களை ஏற்றிய கப்பல் அது. ஆயுதங்களோடு நம் கடலுக்குள் இருந்ததாகப் பிடிக்கப்பட்டு, 35 பேர் கைதானார்கள். 2016-ல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் விடுதலை ஆனார்கள். மிதக்கும் ஆயுதக்கிடங்குகளுக்கு எல்லா நாடும் ஏற்கும் விதி அன்று இல்லை, இன்றும் இல்லை.

பாக் நீரிணையில் நம் மீனவர்கள் கைதாவதை இரு கடற்படைகளும் சேர்ந்து ஏன் நிறுத்தக் கூடாது?

அதிகம் வரும் கேள்வி இது. மனது வலிக்கும் கேள்வியும்கூட. இரு கடற்படைகளுக்கும் இடையே பழக்கம் நன்றாகவே இருக்கிறது. ஒன்றாகப் பயிற்சி செய்கிறார்கள், வெலிங்டனில் ஒன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோட்டை அமலாக்குவதுதான் அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. கோட்டை மாற்றுவதோ மீன்பிடி முறையை மாற்றுவதோ அவர்கள் கையில் இல்லை.

எதிர்க்கரையில் இருப்பவர்களும் தமிழர்களே என்பதை நம் தொலைக்காட்சிகள் சொல்வதில்லை. யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் போர் முடிந்து மீண்டும் கடலில் இறங்கியபோது, நம் விசைப்படகுகளின் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) அவர்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போனது. இலங்கை 2017-ல் அடிமடி இழுவையைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. நடந்தது அதில் சிறு பங்குதான். கடனும் டீசல் செலவும் வாரக்கணக்கில் கடலில் தங்கும் பழக்கமின்மையும் குறுக்கே நின்றன. ஒரு நாளில் போய்த் திரும்பும் ராமேஸ்வரம் மீனவரைப் பல நாள் ஆழ்கடலுக்கு அனுப்ப, கப்பல் மட்டும் தந்தால் போதாது.

நான் நினைப்பது இதுதான்: ரோந்துக் கப்பலைக் கூட்டினால் கைது கூடும், தீர்வு வராது. இரு கரை மீனவர் சங்கங்களும் நேரில் உட்கார்ந்து பேசிய முயற்சிகளை அரசுகள் விடாமல் தொடர்ந்திருக்க வேண்டும். கடலில் நிற்கும் அதிகாரி, கைது நேரத்தில் உயிர் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அது சிறிய விஷயமில்லை, ஒரு குடும்பத்தின் முழு வாழ்வு அது.

சீனக் கப்பல்கள் வருவது இதில் எங்கே வருகிறது?

2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீன ஆய்வுக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தபோது இந்தியா கவலை தெரிவித்தது. பிறகு இலங்கை 2024 முழுவதும் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்குத் தடை விதித்தது. கொழும்பிலோ மாலேயிலோ இருக்கும் அதிகாரியின் பார்வையில், இரண்டு பெரிய நாடுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அழைப்பு எதுவும் ஒத்துழைப்பாகத் தெரியாது. அவர்கள் அன்றாடம் பார்ப்பது திருட்டு மீன்பிடிப்பு, போதைப்பொருள், எண்ணெய்க் கசிவு. அந்தப் பேச்சோடு போகிறவர்களுக்குக் கதவு திறக்கிறது.

ஒத்துழைப்பை வலுப்படுத்த உடனே செய்யக்கூடியது எது?

அதிகாரிகளை அதே வேலையில் கொஞ்சம் அதிக காலம் வைப்பது. ஒரு தொடர்பு அதிகாரி குருகிராமுக்கு வந்து, யாரிடம் என்ன கேட்டால் கிடைக்கும் என்று கற்று, எதிரே இருப்பவரின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் மாற்றல் வந்துவிடுகிறது. தூதரகப் பாதுகாப்பு ஆலோசகருக்கும் அதே கதை. எதிர்த் தரப்பிலும் ஆள் மாறுவார். இரண்டு புதியவர்கள் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள்.

முன்பு சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். பதவி உயர்வுக்குக் கப்பல் கட்டளை வேண்டும். ஆகவே திறமையான அதிகாரி எவரும், அண்டை நாட்டு உறவைக் கவனிக்கும் வேலையில் நான்கு ஆண்டு உட்கார்ந்தால் கப்பல் கைவிட்டுப் போகுமே என்றுதான் யோசிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடல் கட்டளைக்குத் தரும் மதிப்பில் ஒரு பங்கையாவது இந்தப் பணிக்கும் தந்து, சிங்களம், திவேஹி, பர்மியம், சுவாஹிலி கற்ற அதிகாரிகளை அந்தந்த நாட்டுக்கே திரும்பத் திரும்ப அனுப்பினால், புதிய மாநாடு எதுவும் தேவைப்படாது. தமிழ் பேசும் அதிகாரிக்கு வடக்கு, கிழக்கு இலங்கையில் கிடைக்கும் நெருக்கத்தைக்கூட நாம் திட்டமிட்டுப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை.

கண் பார்வை, உயரம் போன்ற காரணங்களால் சேர முடியாவிட்டால் இந்தத் துறைக்குள் வர வழி உண்டா?

உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுத் துறை இருக்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில்தான். டெல்லியில் தேசியக் கடல்சார் அறக்கட்டளை ஆய்வாளர்களைச் சேர்க்கிறது. சட்டம் படிப்பவர்கள் கடல்சார் சட்டத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றால், ரூயன் போன்ற வழக்குகளில் அரசுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் அவர்கள் தேவை. தமிழ்நாட்டில் இத்துறையில் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு. கடலோரக் காவல்படைக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம், அதன் மருத்துவத் தகுதிகளை அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்படை அதிகாரி நுழைவுக்கான அறிவிப்புகள் எல்லாமே இந்தியக் கடற்படையின் அதிகாரபூர்வ இணையதளத்திலும் யு.பி.எஸ்.சி. தளத்திலும் வரும். வாட்ஸ்அப்பில் வரும் விண்ணப்பப் படிவங்களை நிரப்ப வேண்டாம்.